ஐந்து ஷில்லிங் திருட்டைத் தேடிப் போனால்: இங்கிலாந்தின் பழைய நீதிமன்ற, நாடாளுமன்றப் பதிவுகளைப் படிக்கும் முறை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் கடைத்திருட்டுக்கு மரண தண்டனை விதித்த சட்டம் நடைமுறையில் எப்படி இயங்கியது, பின்னர் எப்படி நீக்கப்பட்டது என்று ஆராய முனைந்திருக்கும் மாணவர் ஒருவர், ஓல்டு பெய்லி என்ற லண்டன் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்கு நடவடிக்கைகளின் இணையப் பதிப்பில் ‘ஷாப்லிஃப்டிங்’ என்று தட்டித் தேடியபோது மிகச் சிலவே கிடைத்தன என்றும், நாடாளுமன்ற விவாதங்களின் பதிவான ஹான்சார்டில் 1803க்கு முன் எதுவுமே இல்லை என்றும், கிடைத்தவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்றும் கேட்டிருக்கிறார். மூன்றும் வெவ்வேறு சிக்கல்கள் போலத் தோன்றினாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். இந்தப் பதிவுகளை எழுதியவர்கள் யார், யாருக்காக எழுதினார்கள், எந்த அலுவல் நிறைவேறுவதற்காக எழுதினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவற்றுள் நுழைந்தால், இருப்பதும் கண்ணில் படாது. இல்லாததை இருப்பதாக எண்ணவும் நேரும்.

முதலில் தேடலை எடுத்துக்கொள்வோம். கடை, பண்டகசாலை, வண்டிக் கொட்டகை, குதிரை லாயம் ஆகியவற்றிலிருந்து 5 ஷில்லிங்கோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளை எவரும் காணாதவாறு திருடியவருக்கு உயிர்த்தண்டனை என்று வகுத்த சட்டம் 1699இல் அரச ஒப்புதல் பெற்றது. எவரும் காணாதவாறு என்பதுதான் அந்தக் குற்றத்தின் இலக்கணம். ஆகவே வழக்குப் பதிவில் ‘இன்னாருடைய கடையில் பிரைவேட்லி ஸ்டீலிங்’ (மறைவாகத் திருடுதல்) என்ற தொடரே வரும். இன்று நாம் வழங்கும் சொல் அரிதாகவே வரும். இணையப் பதிப்பில் குற்ற வகைகளைக் குறிக்கும் தனிப் பகுப்பு உண்டு. அதில் கடைத்திருட்டைத் தேர்ந்துகொண்டால் பெரும்பாலான வழக்குகள் அகப்படும். அந்தப் பகுப்பு இக்காலப் பதிப்பாசிரியர்கள் செய்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, ஐயமுள்ள இடங்களில் மூலத்தின் சொற்களைப் பாருங்கள். சட்ட நூலில் தேடும்போதும் இதே கவனம் வேண்டும். அங்கே ‘மரண தண்டனை’ என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பழைய பொதுச் சட்டப்படி பெருங்குற்றம் ஏறத்தாழ அனைத்துக்கும் தண்டனை தூக்குதான் என்றாலும், முதன்முறை குற்றம் செய்தவர்கள் ‘குருமார் சலுகை’ என்ற பழம் விதியைக் காட்டி உயிர் தப்பிக்கொள்ள முடிந்தது. எனவே நாடாளுமன்றம் ஒரு குற்றத்துக்கு உயிர்த்தண்டனையை உறுதிசெய்ய விரும்பியபோது, அந்தக் குற்றத்துக்குக் குருமார் சலுகை கிடையாது என்று எழுதியதே போதுமானதாக இருந்தது.

அடுத்து, தீர்ப்பைப் படிக்கும் விதம். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்ற கணக்கை மனத்தில் கொண்டு பக்கங்களைப் புரட்டினால் ஒரு விந்தை புலப்படும். பட்டுத் துணியோ வெள்ளிப் பாத்திரமோ பல பவுண்டு பெறும் என்று குற்றப்பத்திரிகை சொல்லியிருக்கும். சாட்சிகளும் அதையே சொல்லியிருப்பார்கள். ஜூரிகளோ ‘4 ஷில்லிங் 10 பென்ஸ் மதிப்புக்குக் குற்றவாளி’ என்று தீர்ப்பளித்திருப்பார்கள். குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங் திருடினால் உயிர்த்தண்டனை என்ற 1713ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த வழக்குகளில் இதே போல 39 ஷில்லிங் என்ற எண் அலுக்காமல் திரும்பத் திரும்ப வரும். எண்ணைக் குறைக்க மனமில்லாத இடத்தில், ‘திருடியது உண்மை, ஆனால் மறைவாகத் திருடவில்லை’ என்று சொல்லி உயிரைக் காத்த தீர்ப்புகளும் உண்டு. ஜூரிகளின் இந்த வழக்கத்தைச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் 1769இல் வெளிவந்த தம் உரைநூலின் நான்காம் தொகுதியில் பக்தியுள்ள பொய்ச்சத்தியம் என்ற பொருள்படும் தொடரால் குறிப்பிட்டார். ஆய்வாளருக்கு இதிலிருந்து கிடைக்கும் எச்சரிக்கை எளியது. தீர்ப்பில் உள்ள தொகையை அக்கால விலைவாசிக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. விலைவாசியைப் பொறுத்தவரை பயனற்றுப் போகும் அதே தொகை, ஜூரிகளின் மனநிலையைக் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை என்று சொல்லும்படி ஆகிவிடுகிறது. கேள்வியை மாற்றினால் அதே எண் வேறொன்றைப் பேசுகிறது.

இனி அந்த நடவடிக்கைத் தொகுப்பு என்பது என்ன என்று பார்க்க வேண்டும். 1674 முதல் 1913 வரையிலான 1,97,745 வழக்குகள் அதில் உள்ளன என்ற பெரும் எண் பலரை மயக்கிவிடுகிறது. நீதிமன்றம் தன் தேவைக்கு எழுதிவைத்த மூல ஆவணம் அன்று அது. தொடக்கத்தில் தெருவில் விற்கப்பட்ட சிற்றேடு. ஆண்டுக்கு எட்டு முறை நீதிமன்றம் கூடும். கூடிக் கலைந்ததும் ஏடு அச்சாகும். கொலை, கொள்ளை, பாலியல் வழக்குகள் விரிவாகவும், சாதாரணத் திருட்டு இரண்டு மூன்று வரிகளிலும் வரும். 1679 முதல் மேயரின் ஒப்புதல் தேவைப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் தாமஸ் கர்னி போன்ற சுருக்கெழுத்தாளர்கள் வந்த பிறகு சாட்சியங்கள் நீண்டன. நகராட்சி 1778இல் முழுமையும் நேர்மையுமான பதிவு வேண்டும் என்று வலியுறுத்திய பிறகு அந்த ஏடு அலுவல்முறைப் பதிவு என்ற தன்மையை நெருங்கியது. அப்போதும் நகராட்சிக்கு அதில் ஒரு நோக்கம் இருந்தது. 1790இன் இறுதி முதல் 1792 வரை, விடுதலையான வழக்குகளை அச்சிட வேண்டாம் என்று நகராட்சி உத்தரவிட்டிருந்தது. எப்படி வாதாடித் தப்பலாம் என்று திருடர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது போல் ஆகும் என்ற அச்சமே காரணம். இதை அறியாமல் ஆண்டுவாரியாகத் தண்டனை விகிதம் கணக்கிட்டு வரைபடம் போட்டால், அந்த ஈராண்டுகளில் லண்டன் ஜூரிகள் திடீரெனக் கல்நெஞ்சர்களாக மாறிவிட்டதாகத் தெரியும்.

பேசுபவர் யார் என்பதிலும் இதே போன்ற மறைவுகள் உண்டு. குற்றம் சாட்டப்பட்ட பெண் ஒருத்தி ஒற்றை வரியில் தன் தரப்பைச் சொல்லி முடித்துவிட்டதாகப் பதிவு காட்டும். அவள் அவ்வளவுதான் பேசினாளா, அச்சிட்டவர் அவ்வளவுக்குத்தான் இடம் கொடுத்தாரா என்பதைப் பதிவே சொல்லாது. வழக்கறிஞர்களின் வாதங்களும் பெரும்பாலும் விடப்பட்டன. அத்துடன் நடைமுறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பெருங்குற்ற வழக்குகளில் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) வழக்கறிஞர் ஜூரிகளை நோக்கி நேராகப் பேசும் உரிமை 1836ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது, எதிரி தாமே சத்தியம் செய்து சாட்சி சொல்லும் உரிமை பொதுவாக 1898இல்தான் வந்தது. ஆகவே அவர்கள் குரல் ஒலிக்காமைக்கு அச்சகமும் காரணம், சட்டமும் காரணம். மௌனத்தை ஒப்புதல் என்று எழுதிவிடாதீர்கள்.

எல்லை பற்றியும் ஒரு சொல். 1834க்கு முன் ஓல்டு பெய்லியின் அதிகாரம் லண்டன் நகருக்கும் மிடில்செக்ஸ் கவுண்டிக்கும் உட்பட்டது. தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே சவுத்வார்க்கில் இருந்த கடையில் நடந்த திருட்டு, சர்ரே கவுண்டியின் சுற்றுமுறை நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். அதன் ஆவணங்கள் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தனி வரிசையில் இருக்கின்றன. சிறு குற்றங்கள் காலாண்டு அமர்வு நீதிமன்றங்களில் நடந்தன. அவற்றின் கட்டுகளைக் கவுண்டி ஆவணக் காப்பகங்களில் தேட வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பணியாற்றியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே துறையும் ஆண்டும் அரசாணை எண்ணும் தெரியாமல் பொருளை மட்டும் சொல்லிக் கேட்டால் எப்படியோ, அப்படியேதான் இங்கும்; எந்த நீதிமன்றம், எந்த அமர்வு என்பதே முதல் திறவுகோல்.

அச்சான ஏட்டுக்குப் பின்னால் கையெழுத்து ஆவணங்கள் இருக்கின்றன. குற்றப்பத்திரிகைகளும் விசாரணைக்கு முன் எடுத்த வாக்குமூலங்களும் லண்டன் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இவற்றை அச்சேட்டை விட உண்மையானவை என்று கண்மூடி நம்புவது மற்றொரு தவறு. குற்றப்பத்திரிகை என்பது ஒரு சூத்திரம். எதிரியின் ஊரும் நிலையும் குறிக்கப்பட வேண்டும் என்று 1413ஆம் ஆண்டின் சட்டம் கட்டளையிட்டதால் எழுத்தர்கள் ஏதோ ஒன்றை எழுதியாக வேண்டியிருந்தது. குற்றம் நடந்த ஊரையே குடியிருந்த ஊராகவும், எத்தொழில் செய்தவரையும் ‘கூலியாள்’ என்றும் எழுதிவிடும் பழக்கம் அதனால் பரவியது. அதை வைத்துக் கூலிக்காரர்களே திருடினார்கள் என்று முடிவுகட்டிய ஆய்வுகள் உண்டு. உரிமையியல் பக்கம் போனால் கற்பனை இன்னும் துணிச்சலானது. நில உரிமை வழக்குகளில் வந்து நிற்கும் ஜான் டோ, ரிச்சர்டு ரோ இருவரும் பிறந்ததும் இல்லை, நிலத்தில் கால் வைத்ததும் இல்லை. நடைமுறையைத் தொடங்குவதற்காகச் சட்டம் படைத்துக்கொண்ட பெயர்கள். மொழியையும் கவனியுங்கள். 1650களின் குடியரசுக் காலத்தை விட்டுவிட்டால், நீதிமன்றங்களின் முறைசார்ந்த ஆவணங்கள் 1733 மார்ச் 25 வரை இலத்தீனில்தான் இருக்கும், அதுவும் கடும் சுருக்கக் குறிகளோடு. சாட்சிகளின் வாக்குமூலம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். இலத்தீன் தெரியாதவர்கள் 1733க்குப் பிந்திய காலத்தைத் தேர்ந்துகொள்வது வெட்கப்பட வேண்டிய காரியமன்று.

தீர்ப்போடு கதை முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். ‘மரண தண்டனை’ என்று பதிவான பலர் தூக்கிலிடப்படவில்லை. மன்னரின் மன்னிப்பு பெற்று, 1718க்குப் பின் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும், 1787 முதல் ஆஸ்திரேலியாவுக்கும் நாடுகடத்தப்பட்டார்கள். மன்னிப்புக் கோரிய மனுக்கள் மீது நீதிபதிகள் எழுதிய அறிக்கைகள் 1784 முதல் 1830 வரை உள்துறை ஆவணங்களில் ஒரு தனி வரிசையாகக் கியூவில் இருக்கின்றன. வழக்கு நடந்தபோது வெளிப்படாத குடும்பச் செய்திகளும் அண்டைவீட்டாரின் சான்றுரைகளும் அங்கேதான் வெளிப்படும். ஓல்டு பெய்லியில் தண்டிக்கப்பட்ட ஏறத்தாழ 90,000 பேரின் பிற்கால வாழ்வைப் பல பதிவுகளோடு இணைத்துத் தரும் ‘டிஜிட்டல் பனாப்டிகான்’ என்ற தளமும் உண்டு. கணினி ஒரே பெயருள்ள இருவரை ஒருவராக்கி இணைத்திருக்கவும் கூடும். ஒவ்வோர் இணைப்பையும் வயது, ஊர் கொண்டு சரிபார்த்த பின்பே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாடாளுமன்றத்தின் பக்கம் வருகிறேன். மேலே நான் 1699 என்று சொன்ன சட்டத்தைச் சில நூல்கள் 1698 என்று குறிப்பிடும். இரண்டும் பிழையல்ல. 1793 வரை ஒரு சட்டம், வேறு நாள் குறிக்கப்பட்டிருந்தாலன்றி, அந்தக் கூட்டத்தொடரின் முதல் நாளிலிருந்தே நடப்பில் இருந்ததாகக் கருதப்பட்டது. கூட்டத்தொடர் 1698 டிசம்பரில் தொடங்கியது. அதன் மேல் இன்னொரு சிக்கல்: 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. முதலாம் சார்லஸ் மன்னர் கொல்லப்பட்ட நாளை அன்றைய ஆவணங்கள் 1648 ஜனவரி 30 என்றே எழுதின. நாம் 1649 என்கிறோம். ஆட்சியாண்டுக் கணக்கும் அரசியல் பேசும். இரண்டாம் சார்லஸ் 1660இல்தான் அரியணைக்குத் திரும்பினார் என்றாலும், தந்தை இறந்த நாளிலிருந்தே எண்ணியதால் அவருடைய முதல் சட்டங்கள் பன்னிரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவையாக இருக்கின்றன. கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு கொண்டு காலம் கணிக்கப் பழகிய நம்மவர்களுக்கு இது புதிதாக இராது.

ஹான்சார்டில் ஏன் 18ஆம் நூற்றாண்டு இல்லை என்ற கேள்விக்கு வருவோம். விவாதங்களை வெளியே அச்சிடுவது சபையின் உரிமையை மீறுவதாகவே கருதப்பட்டது. 1771இல் அச்சகத்தார்களுக்கும் சபைக்கும் நடந்த மோதலுக்குப் பிறகுதான் தடை நடைமுறையில் தளர்ந்தது. 1740களின் தொடக்கத்தில் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் வந்த விவாதங்களை எழுதியவர் சாமுவேல் ஜான்சன். அவர் சபைக்குப் போனதே அரிது, பிறர் கொண்டுவந்த குறிப்புகளை வைத்துத் தம் அறையில் அமர்ந்து உரைகளைப் புனைந்தார். அந்த உரைகள் பின்னர் உண்மை உரைகள் போலத் தொகுப்புகளில் ஏறிவிட்டன. 1803க்கு முந்திய விவாதங்களுக்கு எல்லோரும் எடுத்தாளும், காபெட் பெயரால் வழங்கும் 36 தொகுதிகளான ‘பார்லிமென்டரி ஹிஸ்டரி’ இத்தகைய பலவற்றைப் பின்னாளில் திரட்டியதே. மேற்கோள் காட்டலாம், இன்னார் இவ்வாறு பேசியதாக இன்ன இதழ் அச்சிட்டது என்று சொல்லி மேற்கோள் காட்ட வேண்டும். காபெட் தொடங்கி, 1812க்குப் பின் டி. சி. ஹான்சார்டின் கைக்குப் போன விவாதத் தொடரும் நெடுங்காலம் செய்தித்தாள்களிலிருந்து தொகுத்த படர்க்கைச் சுருக்கம்தான். சபையே தன் ஊழியர்களைக் கொண்டு ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யத் தொடங்கியது 1909இல்.

இதற்கு மாறான தன்மை உடையவை இரு சபைகளின் நாட்குறிப்பேடுகள். பிரபுக்கள் சபையின் ஏடு 1510 முதலும், மக்கள் சபையின் ஏடு 1547 முதலும் கிடைக்கின்றன. மசோதா எப்போது வந்தது, எந்தக் குழுவுக்குப் போனது, எந்த மனு படிக்கப்பட்டது, முடிவு என்ன என்பவை இருக்கும். யார் என்ன பேசினார் என்பது இராது. 1834 அக்டோபர் 16 அன்று பழைய கணக்குக் குச்சிகளை (கணக்கு வைக்கக் கீறல் இட்ட மரத்துண்டுகளை) உலையிலிட்டு எரித்ததில் பற்றிய தீ, மக்கள் சபையின் பெரும்பாலான காகிதங்களைக் கொண்டுபோய்விட்டது, நாட்குறிப்பேடுகள் காப்பாற்றப்பட்டன. பிரபுக்கள் சபையின் ஆவணங்கள் தனிக் கோபுரத்தில் இருந்ததால் தப்பின. மக்கள் சபைக்கு வந்த ஒரு மனுவின் மூலத்தைத் தேடி அலைவதற்கு முன் இதை அறிந்திருந்தால் ஒரு மாத உழைப்பு மிச்சமாகும்.

உங்கள் தலைப்புக்கு நடுநாயகமான நிகழ்ச்சி 1810இல் நடந்தது. 5 ஷில்லிங் கடைத்திருட்டுக்கான உயிர்த்தண்டனையை நீக்க, தண்டனைச் சீர்திருத்தம் வேண்டிய மக்கள் சபை உறுப்பினர் சாமுவேல் ரோமிலி கொண்டுவந்த மசோதா மக்கள் சபையில் நிறைவேறி, மே 30 அன்று பிரபுக்கள் சபையில் தோற்றது. தலைமை நீதிபதி எலன்பரோ, இதை ஏற்றால் தலையால் நிற்கிறோமா காலால் நிற்கிறோமா என்றே தெரியாமல் போகும் என்ற பொருள்படப் பேசியது ஹான்சார்டில் இருக்கிறது. வாக்களித்தவர்களின் பெயர்ப் பட்டியலை அங்கே தேடினால் இருக்காது. மக்கள் சபையே தன் வாக்குப் பட்டியலை முறையாக வெளியிடத் தொடங்கியது 1836இல்தான். எதிர்த்தவர்களில் கேன்டர்பரி பேராயர் உள்பட ஏழு ஆயர்கள் இருந்தார்கள் என்ற புகழ்பெற்ற செய்தி எங்கிருந்து வருகிறது என்றால், 1840இல் வெளியான ரோமிலியின் சொந்த நாட்குறிப்பிலிருந்து வருகிறது. தோற்றவர் மன வருத்தத்தோடு எழுதிய பட்டியல் அது. பொய் என்று சொல்ல எனக்குக் காரணம் ஏதுமில்லை. ஆயினும் அடிக்குறிப்பில் ஹான்சார்டின் பெயரைப் போட்டு அந்தச் செய்தியைச் சொல்லக் கூடாது. ரோமிலியின் உரையும் அப்படியே. அதை அவரே விரித்து அதே ஆண்டில் தனி நூலாக வெளியிட்டார். சபை கேட்டது எது, வாசகர் படித்தது எது என்று பிரித்தறிய வேண்டும்.

மூன்றாவதாக நாடாளுமன்றத் தாள்கள், அதாவது குழுக்களும் ஆணையங்களும் விசாரித்து அளித்த அச்சு அறிக்கைகள். மாணவர்கள் இவற்றைக் கடைசியில் எடுக்கிறார்கள். நான் முதலில் எடுக்கச் சொல்வேன். ஜேம்ஸ் மெக்கின்டாஷ் தலைமையில் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த 1819ஆம் ஆண்டுத் தெரிவுக்குழு வணிகர்களையும் வங்கியாளர்களையும் கடைக்காரர்களையும் அழைத்து விசாரித்தது. திருடனுக்குத் தூக்கு கிடைத்துவிடுமே என்று அஞ்சி வழக்குத் தொடராமலே விட்டதாகப் பலர் சொன்னார்கள். நீதிமன்றப் பதிவில் ஒருபோதும் தென்படாத செய்தி இது. வராத வழக்குக்குப் பதிவு ஏது? ஆனால் குழுவுக்கும் ஒரு சார்பு உண்டு. யாரை அழைப்பது என்பதைச் சீர்திருத்தம் வேண்டியவர்களே பெரிதும் தீர்மானித்தார்கள். தொழிற்சாலைக் குழந்தைகள் பற்றிய 1832ஆம் ஆண்டின் சாட்லர் குழுவில் இது இன்னும் வெளிப்படை; சாட்சிகள் சத்தியப் பிரமாணம் இன்றிப் பேசினார்கள், ஆலை முதலாளிகள் தங்கள் தரப்பு கேட்கப்படவில்லை என்று கொதித்தார்கள், அதன் விளைவாக 1833இல் அரச ஆணையம் ஒன்று மறுபடியும் விசாரித்தது. சாட்சியின் விடையை மட்டும் எடுத்தாளாமல் எண்ணிட்ட வினாவையும் சேர்த்துப் படியுங்கள்; விடையில் பாதி வினாவிலேயே இருப்பதைப் பல இடங்களில் காண்பீர்கள்.

கிளைவழி ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னை வரலாற்றில் ஈடுபாடுள்ளவர்கள் நீதிமன்றப் பதிவையும் நாடாளுமன்றப் பதிவையும் ஒருசேரப் பயன்படுத்த ஏற்ற பொருள் பிகட் வழக்கு. ஆளுநர் பிகட்டை 1776இல் அவருடைய ஆலோசனைச் சபையினரே சிறைவைத்தார்கள். மறு ஆண்டு காவலிலேயே அவர் இறந்தார். மக்கள் சபை இதை விவாதித்து வழக்குத் தொடரும்படி மன்னரை வேண்டியது. 1779 இறுதியில் கிங்ஸ் பெஞ்சு நீதிமன்றத்தில் விசாரணை நடந்து, நால்வருக்குத் தலைக்கு 1,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பதிவுகளின் இண்டு இடுக்கெல்லாம் நிறைந்திருக்கிறார்கள்.

கணினித் தேடலின் தொல்லை பற்றிச் சிறிது. 18ஆம் நூற்றாண்டு அச்சில் ‘எஸ்’ எழுத்தின் நீள வடிவம் ‘எஃப்’ போலவே இருக்கும். எந்திரம் அதை மாற்றிப் படித்துவிடும். புள்ளியில்லாத ஓலைச்சுவடியில் ரகரமும் காலும் ஒன்றுபோல் நின்று நம் பதிப்பாசிரியர்களை வாட்டியது போன்றதுதான் இது. ஓல்டு பெய்லி ஏடுகளில் 1834 வரையிலானவற்றை மனிதர்களே இருமுறை தட்டச்சிட்டு ஒப்பிட்டிருப்பதால் பிழை குறைவு. பழைய ஹான்சார்டும் செய்தித்தாள் தளங்களும் அப்படியல்ல. அங்கே தேடிக் கிடைக்கவில்லை என்பதை இல்லை என்பதற்குச் சான்றாக எழுதக் கூடாது. கிடைத்ததைப் பக்கப் படத்தோடு ஒப்பிடாமல் மேற்கோள் காட்டவும் கூடாது.

நடைமுறையில் எங்கே தொடங்குவது என்றால், 1780களில் ஏதேனும் ஓர் அமர்வைத் தேர்ந்து, அதில் ‘4 ஷில்லிங் 10 பென்ஸ்’ என்று முடிந்த கடைத்திருட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குற்றப்பத்திரிகையில் பொருளுக்கு இட்ட மதிப்பைப் பாருங்கள். பின்னர் அதே அமர்வில் முழு மதிப்புக்கும் குற்றவாளி எனப்பட்ட மற்றொருவரைத் தேடி, அவரைப் பற்றி நீதிபதி எழுதிய அறிக்கை உள்துறைக் கட்டில் இருக்கிறதா என்று கியூவின் அட்டவணையில் சரிபாருங்கள். இருவருக்கும் நேர்ந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு 1819ஆம் ஆண்டுக் குழுவின் சாட்சியத்தைப் படித்தால், 1820இல் அந்த வரம்பு 15 பவுண்டாக உயர்ந்ததும் 1823இல் கடைத்திருட்டுக்கு உயிர்த்தண்டனையே ஒழிந்ததும் எந்த வாதங்களின் மேல் நடந்தன என்பதை நீங்களே வழக்குகளோடு பொருத்திக் காட்ட முடியும்.